பிரிட்ரெயில் பாஸா, அட்வான்ஸ் டிக்கெட்டா?

செப்டம்பர் நடுவில் நானும் மனைவியும் பிரிட்டன் போகிறோம். லண்டன், யார்க், எடின்பரோ, இன்வர்னஸ், அங்கிருந்து கைல் ஆஃப் லோகால்ஷ், திரும்ப லண்டன். எல்லாமே ரயிலில்தான். டிக்கெட் விஷயத்தில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை: வெளிநாட்டுப் பயணிகளுக்கான பிரிட்ரெயில் பாஸா, குறிப்பிட்ட ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டா?

அட்வான்ஸ் டிக்கெட்டோடு டூ டுகெதர் ரெயில்கார்டையும் (இருவர் சேர்ந்து பயணம் செய்வதற்கான தள்ளுபடி அட்டை) சேர்த்துக் கணக்குப் போட்டேன். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி; பாஸைவிட மலிவுதான். ஆனால் குறித்த ரயிலில்தான் ஏற வேண்டும். வார நாட்களில் காலை 9.30-க்கு முன் கார்டு செல்லாது. நடுவில் டர்ஹாமில் இறங்கி கதீட்ரல் பார்க்க வேண்டுமென்றால் (மனைவியின் ஒரே நிபந்தனை அது) டிக்கெட்டை இரண்டாக உடைத்து வாங்க வேண்டும். பிரிட்ரெயிலின் ஃப்ளெக்ஸி பாஸில் (பயண நாட்களை நாமே தேர்ந்துகொள்ளும் பாஸ்) இந்தத் தொல்லை இல்லை, விலைதான் மலைக்க வைக்கிறது. ஸ்காட்லாந்து பாஸையும் பார்த்தேன்; லண்டன் அதில் வராது.

இந்தப் பாதையில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: ஃப்ளெக்ஸி பாஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகுமா?