வாழைக்கு எத்தனையாவது இடம்?

குழு: தாமிரபரணி மும்பைக் குடும்பம்
சனிக்கிழமை இரவு

அண்ணன், 9.12
நாளை எல்லோரும் செம்பூருக்கு வருகிறீர்கள். மாரி செல்வராஜின் ஐந்து படங்களில் இரண்டைத்தான் போட நேரம் இருக்கும். அவரவர் வரிசையை இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்குப் பரியேறும் பெருமாள்தான் முதலிடம். 2018-இல் வந்த முதல் படத்திலேயே அப்படி ஒரு முடிவு! அத்தனை அவமானத்துக்குப் பிறகும் பரியன் யாரையும் வெட்டவில்லை, பேசுகிறான். இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு பூ. அவ்வளவுதான்.

தாராவி சித்தப்பா, 9.20
பரியன் நல்ல பிள்ளை, மறுக்கவில்லை. ஆனால் கர்ணன்தான் முதலில். 2021 ஏப்ரலில் படம் வந்தபோது இங்கே கொரோனாவால் திரையரங்குகள் மூடியிருந்தன. அடுத்த மாதம் அமேசான் பிரைமில் வந்ததும் ஒரே மொபைலைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தோம். வலிப்பு வந்த சிறுமி சாலையிலேயே துடித்துச் சாகிறாள், பஸ்கள் நிற்காமல் போகின்றன. நம் ஊர் விலக்கில் நான் கை காட்டியும் நிற்காமல் போன பஸ்கள் எத்தனை! கர்ணன் பஸ்ஸை அடித்து நொறுக்கியபோது எழுந்து நின்றுவிட்டேன்.

தம்பி, 9.24
அது கொடியன்குளத்துக் கதைதானே, சித்தப்பா?

தாராவி சித்தப்பா, 9.26
படத்தில் பொடியன்குளம். ஆனால் 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் காவலர்கள் நுழைந்து, மக்கள் பாடுபட்டுச் சேர்த்த பொருள்களை எல்லாம் உடைத்துப் போட்டதை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

தம்பி, 9.31
என் ஓட்டு பைசனுக்கு. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவிய படம் அது. மகன் கபடி ஆடப் போனால் உயிரோடு திரும்புவானா என்று பசுபதி நடுங்குகிறாரே, அந்த நடுக்கத்தை நம் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

நான், 9.35
மாமன்னனைக் கடைசியில் தள்ளிவிடாதீர்கள். சட்டமன்ற உறுப்பினரான பிறகும் ஆதிக்கச் சாதிக் கட்சிக்காரர் வீட்டில் வடிவேலு உட்காராமல் நிற்கிறார். அந்த ஒரு காட்சி போதும்.

அண்ணன், 9.37
முதல் பாதிக்குத் தலைவணங்குகிறேன். பிறகு தேர்தலும் சண்டையும் படத்தை விழுங்கிவிட்டன.

சயான் அத்தை, 9.51
யாரும் வாழையைச் சொல்லவில்லையே.

சயான் அத்தை, 9.58
பன்னிரண்டு வயதில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் நான் வாழைத்தார் சுமந்தேன். பள்ளி விடுமுறை என்றால் மற்றப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கும். சும்மாடு நழுவினால் காய் கழுத்தில் குத்தும். சேற்றில் கால் புதைந்தால் தாரோடு விழ வேண்டியதுதான். வாழைக்கறை பட்ட பாவாடையைத்தான் திங்கட்கிழமை பள்ளிக்கும் உடுத்திக்கொண்டு போவேன். எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. ஒருநாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து அழுதேன். படத்தில் வரும் சிறுவன் சிவனணைந்தான் வேலைக்குப் போக மனமில்லாமல் தவிக்கிறானே, அது எனக்கு நடிப்பாகவே தெரியவில்லை. இயக்குநரும் சின்ன வயதில் சுமந்தவர்தானே. கூலியை உயர்த்திக் கேட்டவர்கள் காய் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகிறார்கள், லாரி கவிழ்ந்துவிடுகிறது. நம் பக்கத்தில் உண்மையில் நடந்த விபத்து அது. நான் ஏறிய லாரிகள் கவிழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தாராவி சித்தப்பா, 10.09
அக்கா, நீ சுமந்தது எனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் அழுதது தெரியாது. வாழை முதலில் இருக்கட்டும். கர்ணனை இரண்டுக்குக் கீழே இறக்க விடமாட்டேன்.

அண்ணன், 10.12
பரியனை விட்டுக்கொடுக்க மனமே வரவில்லை. ஆனாலும் சரி, வாழையும் கர்ணனும். அத்தை, காலை பதினொரு மணிக்கே வாழையைப் போட்டுவிடுகிறேன்.

சயான் அத்தை, 10.15
வேண்டாம், சாப்பாடு முடிந்த பிறகு போடு. கடைசியில் அந்தப் பிள்ளை பசி தாங்காமல் சோற்றில் கை வைக்கும்போது அம்மா அடித்துவிடுகிறாள். அதைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்காது. மீன்குழம்பு நான் வைத்து எடுத்து வருகிறேன்.