பாலைவனக் கலை ஊரில் கொலை: தனியார் துப்பறிவாளரால் முடியுமா?

பாலைவாசி:
ஒரு துப்பறியும் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் மேற்கு டெக்சாஸின் மார்ஃபா. பழைய ராணுவக் கொட்டகை ஒன்றில் சிற்பி இறந்து கிடக்கிறார். ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், விபத்து என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அவருடைய தங்கை ஒரு தனியார் துப்பறிவாளரை அமர்த்துகிறார். அவர் தனியாளாகக் கொலையாளியைப் பிடிக்கிறார். நம்பும்படி இருக்கிறதா?

கறார்கண்ணன்:
இல்லை. டெக்சாஸில் துப்பறிவாளருக்கு உரிமம் தருவது மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை. அதை நீட்டினால் எந்தக் கதவும் திறந்துவிடாது. வீட்டைச் சோதனை போட முடியாது, யாரையும் சாட்சி சொல்ல வரவழைக்க முடியாது. இறந்தவர் பேரைச் சொல்லி ஏமாற்றி அவருடைய தொலைபேசி அழைப்புப் பட்டியலைக் கறந்தால், 2006-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் ஹீரோதான் முதலில் உள்ளே போவார். ஆளைத் தேடுவது, காப்பீட்டு மோசடியைக் கண்டுபிடிப்பது, வக்கீலுக்குத் தகவல் சேகரிப்பது, இவைதான் அந்தத் தொழில். கொலை போலீஸ் வேலை.

சும்மா ஒருத்தி:
கறார், போலீஸ் கோப்பை மூடிவிட்டது என்றுதானே கதையே தொடங்குகிறது? அது அங்கே எவ்வளவு எளிதாக நடக்கும் என்று பாருங்கள். மார்ஃபா இருப்பது பிரெசிடியோ கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). 2,000 பேர்கூட இல்லாத ஊர், அதுதான் கவுன்ட்டியின் தலைநகரம். டெக்சாஸில் பெரிய கவுன்ட்டிகளுக்குத்தான் மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் கட்டாயம். மற்ற இடங்களில் மரண விசாரணையை நடத்துபவர் 'அமைதி நீதிபதி' என்கிற உள்ளூர்ச் சிறு நீதிபதி. அவர் டாக்டராக இருக்க வேண்டாம், சட்டம் படித்திருக்கவும் வேண்டாம், தேர்தலில் ஜெயித்தால் போதும். பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று முடிவு செய்பவரும் அவரே. பக்கத்துப் பெரிய நகரமான எல் பாசோவே சுமார் 300 கி.மீ. தள்ளி இருக்கிறது. உடலை அனுப்பச் செலவு, அலைச்சல். ஏணி பக்கத்தில் விழுந்து கிடந்தால் 'விபத்து' என்று எழுதிவிட்டுப் போகத் தோன்றாதா?

பாலைவாசி:
அதைத்தான் நினைத்தேன். துப்புகூட யோசித்துவிட்டேன். அங்கே மறைந்த சிற்பி டொனால்ட் ஜட் இரண்டு பழைய பீரங்கிக் கொட்டகைகளில் 100 அலுமினியப் பெட்டிகளை வைத்துவிட்டுப் போனாரே, பூச்சே இல்லாத வெறும் அலுமினியம். விரல் பட்டால் கறை லேசில் போகாது, அதனால் யாரையும் தொட விடுவதில்லை. என் சிற்பியின் வேலையும் அதே உலோகத்தில். சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக விழும்போது ஒரு பெட்டியின் உள்விளிம்பில் நாலு விரலும் பளிச்சென்று தெரிகின்றன.

கறார்கண்ணன்:
அழகான காட்சி, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம்? அந்த நாலு விரலும் யாருடையவை? கைரேகைத் தரவுத்தளம் தனியாருக்குத் திறக்காது. தானே எடுத்து வைத்தால், 'எப்போது பதிந்தது, யார் எடுத்தது, இடையில் யார் கையில் இருந்தது?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கிழித்துவிடுவார். பெட்டியைத் தூக்கி வைத்த உதவியாளரின் விரலாகவும் இருக்கலாமே.

மாடிப்படி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த மாதிரிக் கதைகளில் ஊரே கேலரிக்காரர்களாலும் கவிஞர்களாலும் நிறைந்திருக்கும். மார்ஃபாவில் பெரும்பான்மையினர் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். கொட்டகைச் சாவி யாரிடம் இருந்தது, அன்று ராத்திரி எந்த வண்டி நின்றது என்பதெல்லாம் கூட்டிப் பெருக்குபவருக்கும் வெல்டருக்கும்தான் தெரியும். உங்கள் ஆளுக்கு ஸ்பானிஷ் வருமா?

சும்மா ஒருத்தி:
மாடிப்படி சொன்னது சரியான இடம். சீருடையைப் பார்த்தால் வாய் திறக்காதவர்கள் துப்பறிவாளரிடம் பேசலாம். ஆனால் எனக்குப் பிடித்த வழி காகிதம். இந்த வகைக் கலையில் சிற்பியே கையால் எதையும் செய்வதில்லை, வரைபடம் கொடுப்பார், பட்டறையில் செய்வார்கள். அப்படியானால் எது அசல்? இத்தாலியச் சேகரிப்பாளர் பான்சா, ஜட்டின் படைப்புகளை வரைபடமும் சான்றிதழுமாக வாங்கித் தானே செய்வித்தார். அவை என் படைப்பே அல்ல என்று ஜட் பகிரங்கமாக மறுத்தார். சிற்பி உயிரோடு இருந்தால் 'இது என்னுடையது அல்ல' என்று ஒரு வரி எழுதி ஒருவரின் கோடிகளைக் குப்பையாக்க முடியும். இறந்துவிட்டால் முடியாது. இதைவிட நல்ல நோக்கம் வேண்டுமா? உயில் வழக்கு ஆவணங்கள், நிலப் பத்திரங்கள் எல்லாம் கவுன்ட்டி எழுத்தர் அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கலாம். சோதனை ஆணை வேண்டாம், பொறுமை போதும்.

கறார்கண்ணன்:
நோக்கம் நன்றாக இருக்கிறது, நானே திருடிக்கொள்வேன். ஆனால் நோக்கம் இருந்த எல்லோரும் கொலை செய்துவிடுவதில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க இது போதாது.

சும்மா ஒருத்தி:
குற்ற வழக்குக்குத்தானே அந்த அளவுகோல்? உயிரிழப்புக்கு இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு போடட்டும். அங்கே எந்தப் பக்கம் கொஞ்சம் கனக்கிறது என்பதுதான் கேள்வி. வழக்கு பதிவானதும் வக்கீல் மூலம் சாட்சியை வரவழைக்கலாம், அழைப்புப் பட்டியலையும் சட்டப்படியே கேட்கலாம். நீங்கள் பூட்டிய கதவெல்லாம் திறந்துவிட்டதே, சார்.

கறார்கண்ணன்:
திறந்தது வக்கீலுக்கு. அது போகட்டும். டெக்சாஸில் அந்த வழக்கை இறந்தவரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்காக மட்டும்தான் தொடுக்கலாம். தங்கைக்கு உரிமை கிடையாது. பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிடவும் வேண்டும்.

பாலைவாசி:
தங்கையை மகளாக்கிவிட்டேன். மகள் வரும்போது சிற்பி இறந்து 20 மாதம்.

கறார்கண்ணன்:
அப்படியென்றால் உங்கள் ஆளுக்கு மிச்சம் 4 மாதம். ஜன்னலோரம் நின்று வெயிலை ரசிக்கும் அந்த 2 அத்தியாயங்களை முதலில் வெட்டுங்கள்.