பதில்: பங்குனித் திருவிழாக் கச்சேரிக்கு யாரைப் பேசுவது?

அண்ணன்மார், ஆச்சிமார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக நம் ஊர்ப் பங்குனித் திருவிழாக் கச்சேரிக்கு யாரைக் கூப்பிடுவது என்றுதான் பேச்சு. துபாய்த் தம்பி மெல்லிசைக் குழு வேண்டும் என்கிறார். கோலாலம்பூர் அண்ணன் பட்டிமன்றம் போதும், செலவும் குறைவு என்கிறார். என் பங்குக்கு நானும் ஒரு பெயர் சொல்கிறேன்: நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணு. "யாரு, நாக்க முக்க பாடினவங்களா?" என்று உடனே சிரிக்க வேண்டாம்.

அவர் நமக்கு அசலூர்க்காரர் இல்லை. நம் சிவகங்கை மாவட்டத்துச் சூராணம்தான் சொந்த ஊர். காளையார்கோயிலைத் தாண்டி இளையான்குடிப் பக்கம் போகவேண்டும். 13 வயதிலேயே கோயில் திருவிழாவிலும் மாதா கோயில் திருவிழாவிலும் மேடையேறிப் பாட ஆரம்பித்தவர். நாட்டுப்புறப் பாடகர் கோட்டைச்சாமி கைதூக்கிவிட்டார். சினிமா எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்தான். 2008இல் விஜய் ஆண்டனி இசையில் 'காதலில் விழுந்தேன்' படம் வந்த பிறகு பட்டிதொட்டியெல்லாம் அந்த 'நாக்க முக்க' பாட்டுத்தான். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுப் பாடலுக்கு ரகுமான் திரட்டிய பெரிய பாடகர் கூட்டத்தில் இவர் குரலும் உண்டு. 2011இல் எம்டிவி கோக் ஸ்டுடியோவில் கைலாஷ் கேரோடு சேர்ந்து பாடினார். 2021இல் பிக் பாஸ். அதைப் பற்றி நம் வீட்டு ஆச்சிமாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எனக்கு ஆச்சரியம் அந்தக் குரல்தான். தவில், பம்பை, உறுமி எல்லாம் பக்கத்தில் நின்று முழங்கும்போது, திருவிழாக் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் வார்த்தை புரியவேண்டும். அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினால்தான் முடியும். அந்தக் கட்டைக் குரலை ஸ்டுடியோவுக்குள் பழக்கி உருவாக்க முடியாது, திருவிழா மேடைதான் அதற்குப் பள்ளிக்கூடம். நாட்டுப்புற மேடை என்பது குத்துப்பாட்டு மட்டுமா? தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி என்று ஒரு ராத்திரிக்குள் பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் போய்வரலாம். ஆனால் எங்கே போனாலும் கூட்டம் சினிமாவில் வந்த அந்த ஒரு பாட்டைத்தான் கேட்கும். நாமும் அதையேதான் கேட்போம் என்பது எனக்குத் தெரியும்!

அதே இளையான்குடிப் பக்கத்து மாறந்தையில் 1955இல் பிறந்தவர் கே. ஏ. குணசேகரன். நாட்டுப்புறப் பாட்டை ஆய்வும் செய்தார், தானே மேடையேறிப் பாடவும் செய்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர் குரல். சின்ன வயதில் பட்ட சாதி இழிவை 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதிவைத்தார். 2016 ஜனவரியில் காலமானார். இப்படி ஒருவர் நம் மாவட்டத்தில் இருந்தார் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வெளிநாடு வந்த பிறகுதான் தெரிந்தது.

நம் செட்டிநாட்டுச் சீமைக்காரர்கள் பாட்டுக்குக் காசு கொடுக்காதவர்கள் இல்லை. அண்ணாமலைச் செட்டியார் முன்நின்றதால்தான் 1943இல் தமிழிசைச் சங்கம் வந்தது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழாவுக்குப் போகாத குடும்பம் நம் ஊரில் இருக்கிறதா? பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வயலில் பாடினவர்களும் பறையடித்தவர்களும் வீட்டு முகப்புக்கு வெளியே, தெருவில்தான் நின்றார்கள். வீட்டுக்குள் பட்டாலைத் திண்ணையில் ஜமுக்காளம் விரித்து அவர்களை உட்காரவைத்துக் கேட்டதாக எங்கள் ஐயாவும் சொன்னதில்லை, அப்பத்தாவும் சொன்னதில்லை. இத்தனைக்கும் நம் வீட்டு வளவு முற்றங்களில் ஆச்சிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அதே வகைதானே?

இன்னொன்று, பணம். சினிமாவில் ஒரு பாட்டு பாடினால் பெரும்பாலும் ஒருமுறைதான் சம்பளம். சோறு போடுவது திருவிழா மேடைதான், அதுவும் வருசத்தில் சில மாதங்களுக்குத்தான். வாங்கும் தொகையை வாத்தியக்காரர்களோடு பங்கு போட்டு, வேன் வாடகையும் கொடுக்கவேண்டும். நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மாவை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2003இல் 'தூள்' படம் வந்த பிறகு அவரைத் தெரியாத வீடே இல்லை. அப்படியும் கடைசிக் காலத்தில் நோயும் பணமுடையுமாகக் கிடந்து, அரசு உதவி வந்துதான் கொஞ்சம் மூச்சு விட்டார். 2020இல் இறந்துபோனார். கைதட்டின நாம் எல்லோரும் அப்போது எங்கே இருந்தோம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஆகவே, அழைப்பதென்றால் ஒழுங்காக அழைப்போம். போன தடவை ஒரு கரகாட்டக் குழுவை வரச்சொல்லிவிட்டு, பரிசளிப்பு, நன்றியுரை எல்லாம் முடிந்து பாதிக் கூட்டம் எழுந்து போனபிறகு ஆடவிட்டோம். அந்த மாதிரி வேண்டாம். ஏழு மணிக்கு மேடை அவர்களுடையதாக இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் சினிமாப் பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்பக்கூடாது. இந்த மண்ணின் பாட்டாகப் பாடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். பேசிய பணம் இடையில் யார் கையிலும் நிற்காமல் குழுவுக்கே போகட்டும். சாப்பாடும் பொட்டலமாகக் கட்டி வேனுக்கு அனுப்பாமல், நம்மோடு பந்தியில் உட்காரவைத்து இலை போடுவோம். தவில்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருக்குத் தேதி ஒத்துவராவிட்டால் மெல்லிசைக்குத் தாவ வேண்டாம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பாடுகிற வேறு குழுக்கள் இருக்கின்றன, விசாரிக்கலாம்.

மாசி பிறந்துவிட்டால் யாரும் கிடைக்கமாட்டார்கள். பொருளாளர் அண்ணன் இந்த வாரமே ஊரிலிருந்து ஒருவரை நேரில் அனுப்பி, வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுக்க ஏற்பாடு செய்தால் நல்லது. எவ்வளவு என்று எழுதுங்கள், என் பங்கை உடனே அனுப்பிவிடுகிறேன். பட்டிமன்றம் வேண்டும் என்பவர்கள் அதை மறுநாள் வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து, கீழத்தெரு