புது கண்டக்டர் கை காட்டினாலும் கொயர் இழுத்துக்கிட்டே போகுது: எங்கே திருத்தறது?

பிரேசர்டவுன்_கொயர்:
பெங்களூரு தமிழ்ச் சபை. கீபோர்ட் வாசிக்கிற தம்பி ஒருத்தர் இப்போதான் கண்டக்டரா, கை காட்டி கொயரை (சர்ச் பாடகர் குழுவை) நடத்த ஆரம்பிச்சிருக்கார். பழக்கிவிடற பொறுப்பு என்னுடையது. பெண்குரல்ல சோப்ரானோ (மேல்) 10, ஆல்ட்டோ (கீழ்) 7; ஆண்குரல்ல டெனர் (மேல்) 3, பாஸ் (கீழ்) 4. பாட்டு 4/4 (சுற்றுக்கு நாலு பீட்), எடுப்பு, அதாவது பாட ஆரம்பிக்கிற இடம், நாலாவது பீட்டில். பாதிப் பேர் லேட்டா நுழையறாங்க. நிமிஷத்துக்கு 80 பீட்ல ஆரம்பிச்சா மூணாவது சரணத்துல 70. பிட்சும் (சுருதியும்) இறங்குது. தம்பி கையை இன்னும் பெருசா வீசறார், பலனில்லை.

ஆர்கன்_பெஞ்ச்:
வீச்சைக் குறைக்கச் சொல்லுங்க பிரதர். கை போக வேண்டிய தூரம் கூடக்கூட அடுத்த பீட்டும் தள்ளிப்போகும். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவுல அரை அடி போதும்.

எடுப்பு நாலுல இருந்தா ஆயத்தக் கை (பாடறதுக்கு முன்னாடி தயார்ப்படுத்தற கையசைவு) மூணுல வரணும். 4/4-ல ஒண்ணு கீழே, ரெண்டு இடப்பக்கம், மூணு வலப்பக்கம், நாலு மேலே. கை வலப்பக்கம் போறப்பவே, பாடப்போற அதே வேகத்துல, அவர் வாய் திறந்து மூச்சு இழுக்கணும். கொயரும் கூடவே இழுக்கும். "ஒன் டூ த்ரீ"ன்னு வாயால எண்ணிப் பழக்கிட்டா, ஆராதனையில எண்ணாம ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க. மூச்சும் முதல் எழுத்தும் மட்டும் பத்துத் தடவை. மிச்சப் பாட்டு அப்புறம்.

அவர் கூடவே பாடறாரா? பாடினா கொயர் அவர் காதுல விழாது. உதடு மட்டும் அசையட்டும்.

கேபிள்_அண்ணன்:
ஸ்பீக்கர் எங்கே இருக்கு? 12 மீட்டர் தள்ளி இருந்தாலே சத்தம் வந்து சேர 35 மில்லிசெகண்ட் ஆகும். புளூடூத்னா இன்னும் மோசம், கழட்டிடுங்க. கொயர் பக்கத்துல ஒரு சின்ன மானிட்டர் (பாடறவங்களைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர்), ஒயர்லயே.

பிரேசர்டவுன்_கொயர்:
ஒயர்தான். ஆனா ரெண்டு ஸ்பீக்கரும் சபையைப் பார்த்து இருக்கு, கொயர் அதுக்குப் பின்னாடி. இன்னொண்ணு, பாதிப் பிள்ளைங்க பாட்டை இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுத்தான் பாடறாங்க. தலை நிமிர்றதே இல்லை.

ஆல்ட்டோ_அக்கா:
அப்போ கையைத் திருத்தி என்ன பிரயோஜனம், பார்க்க ஆளே இல்லையே! சரணத்தோட கடைசி ரெண்டு வார்த்தையும் அடுத்த சரணத்தோட முதல் வரியும் மனப்பாடம் ஆகணும். பாட்டு தடுமாறறது அங்கேதான். ஃபோல்டரை முகவாய்க்குக் கீழே, கண்டக்டர் கை தெரியற உயரத்துல பிடிக்கணும். பிராக்டிஸ்ல சொல்லாம கொள்ளாம நடுவரியில தம்பி கையை நிறுத்தட்டும். யார் பார்க்கலைன்னு உடனே தெரிஞ்சிடும்.

பிட்சை இப்போ தொடாதீங்க. வேகம் இறங்கினா ஒரே வரிக்கு மூச்சு பத்தாது, வரி முடிவுல சுருதி தொங்கும். வேகம் சரியான பிறகும் இறங்குதான்னு பார்க்க, ரெண்டாம் சரணத்தைக் கீபோர்ட் இல்லாம பாடவிட்டு முடிவுல நோட்டைத் தட்டிப் பாருங்க. அப்பவும் இறங்கினா, சுரங்கள் மேலிருந்து கீழே இறங்கி வர்ற வரியை 'ஊ'ன்னு மெதுவா பாடவிட்டுக் கேளுங்க. சில சமயம் எஃப் கட்டையில தொங்கறது, அரைச்சுரம் ஏத்தி எஃப் ஷார்ப்ல பாடினா நிக்கும்.

பிரேசர்டவுன்_கொயர்:
சரிக்கா. வரி முடிவுல "ம்", "ல்" ஆளுக்கொரு நேரத்துல விழுதே?

ஆல்ட்டோ_அக்கா:
மூணு பீட் நீளம்னா மூணும் உயிரெழுத்துலயே நிக்கணும். "ம்" நாலாவது பீட்ல, அவர் கை மூடறப்போ. முன்னாடியே வாயை மூடினா சத்தம் அப்படியே அமுங்கிடும். காகிதத்துல அந்த எழுத்துக்கு மேல 4-னு பென்சில்ல குறிச்சுக்கச் சொல்லுங்க.