வேலையும் மகிழ்ச்சியும்: தமிழில் என்ன வாசிக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் வேலைக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசப்போகிறோம். தையல்காரர், ஆசிரியர், பேருந்து நடத்துநர் என்று பலரும் வருவார்கள்.

உளவியல் ஆய்வாளர்கள் சிக்சென்ட்மிஹாயும் லெஃபெவ்ரும் 1989இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்க ஆசை. 78 பேருக்கு பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் மனநிலையைக் குறிக்கச் சொன்னார்கள். தன்னை மறந்து ஒன்றிப்போகும் நேரம் ஓய்வைவிட வேலையில்தான் அதிகம் வாய்த்தது. ஆனாலும் வேலையில் இருந்தபோது வேறு ஏதாவது செய்யவே அவர்கள் விரும்பினார்கள்! இந்த முரண் என்னை விடமாட்டேன் என்கிறது. மகிழ்ச்சியை வெறும் உணர்ச்சியாக அல்லாமல் செயலாகப் பார்த்த அரிஸ்டாட்டிலை இதோடு சேர்த்துப் படிக்கலாமா?

எளிய தமிழில் கட்டுரையோ நூலோ இருந்தால் சொல்லுங்கள். உளவியல் படித்தவர்கள் யாராவது மதுரைப் பக்கம் இருந்தால், நேரில் வந்து பேச முடியுமா?