விறகு, பெல்லட் ஸ்டவ்: புகை வீட்டுக்குள்ளேயே திரும்பிய அனுபவம் யாருக்கு?

ரூர்க்கரை
ஜெர்மனி. பழைய வீடு, ஆனா ஜன்னல் எல்லாம் மூண்டு கண்ணாடி போட்டுப் புதுசாக்கினது. ஹோலிலை 7 கிலோவாட் விறகு ஸ்டோவ். குசினிக்கும் ஹோலுக்கும் இடையிலை சுவர் இல்லை. இரவு நெருப்பு அடங்கி வெறும் தணல் கிடக்கிற நேரம், செத்தல் மிளகாய் வறுக்க, அடுப்புக்கு மேலை புகையை வெளியிலை இழுக்கிற ஹூட்டை ஆகக் கூடின வேகத்திலை போட்டாச்சு. அறையிலை புகையும் இல்லை, மணமும் இல்லை. கார்பன் மொனொக்சைட் அலாரத்தின்ரை திரையிலை மட்டும் 38, 54, 71 எண்டு இலக்கம் ஏறுது. ஹூட்டை நிப்பாட்டி ஜன்னலைத் திறந்தாப் பிறகுதான் இறங்கினது.

அலாரம் அடிக்கவேயில்லை. பழுது இல்லை, அதின்ரை விதியே அப்பிடித்தான். 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காத்திலை 50 பங்கு) ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் சத்தம் போடும். 100க்கு 10 தொடக்கம் 40 நிமிஷம். 300 எண்டாத்தான் 3 நிமிஷத்துக்குள்ளை. அதாலை இலக்கம் காட்டுற அலாரமா வாங்குங்கோ, வெறும் பச்சை லைட் போதாது.

ஏன் நடந்தது? அந்த ஸ்டோவ் மணித்தியாலத்துக்கு ரெண்டு கிலோ விறகு எரிக்கும், அதுக்கு 20, 25 கன மீற்றர் காத்துப் போதும். ஹூட் இழுக்கிறது 600. ஜன்னலும் கதவும் இறுக்கம் எண்டா அந்தக் காத்து புகைபோக்கியாலைதான் இறங்கும். சுவாலை நிக்கேக்கை புகைபோக்கி சூடு, அதின்ரை இழுவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். தணலிலை இழுவை செத்துப்போகும், மொனொக்சைட்டோ அப்பத்தான் கூட. இங்கை ஹூட்டும் ஸ்டோவும் சேர்ந்து ஓடேக்கை வீட்டுக்குள்ளை அழுத்தம் 4 பஸ்காலுக்கு மேலை குறையக்கூடாது எண்டு கணக்கு.

பிர்ச்விறகு
அண்ணை, பழியை ஹூட்டிலை போட்டிட்டு விட்டிடாதேங்கோ. நோர்வேயிலை ஹூட்டே இல்லாத மலைக்குடிலிலும் இதே கூத்துதான். மைனஸ் 15, கிழமைக்கணக்கிலை பூட்டிக் கிடந்த இடம், வெளிச்சுவரோடை ஒட்டின புகைபோக்கி. ஸ்டோவ் கதவைத் திறந்து தீக்குச்சியை உள்ளுக்கை நீட்டினா, சுவாலை மேலை போகேல்லை. ஆளின்ரை பக்கமா வளைஞ்சு சரியுது. அந்தக் காட்சி ஒண்டு காணும், புகைபோக்கிக்குள்ளை குளிர்காத்து அடைச்சு நிக்குது எண்டு அறிய. அதோடை விறகைப் பத்தவச்சா முழுப் புகையும் உங்களுக்குத்தான்.

முதல்லை அதே தட்டிலை ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறவுங்கோ. பேப்பர் தாள் ஒண்டை முறுக்கி, மேல் தகட்டுக்குக் கிட்டப் பிடிச்சு எரியுங்கோ. அதுக்கும் அசையாட்டி, புகைபோக்கி அடியிலை சாம்பல் எடுக்கிற கதவாலை தலைமயிர் காயவைக்கிற மெசினைப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் சூடு குடுக்கலாம். இழுவை தொடங்கினா "ஹூ" எண்டு சத்தம் கேக்கும்.

பத்தவைக்கிறது மேலையிருந்து. அடியிலை 30 சென்ரிமீற்றர் பிர்ச் கட்டை ரெண்டு, குறுக்கை மெல்லிய கட்டை, உச்சியிலை விரல் தடிப்புச் சுள்ளி எட்டுப் பத்து. கீழ்க் கட்டையிலிருந்து வாற வாயு மேல் சுவாலைக்குள்ளாலை போய் எரிஞ்சிடும், புகைபோக்கியும் முதல் நிமிஷத்திலேயே சூடாகும். 1998க்குப் பிறகு இங்கை விக்கிற ஸ்டோவ் எல்லாம் மேல் ஓட்டையாலை ரெண்டாம் காத்து விட்டுப் புகையை எரிக்கிற வகை. பெட்டி சூடாகாமல் அந்த ஓட்டையாலை ஒரு பிரயோசனமும் இல்லை. ராவிலை காத்தை முழுக்கப் பூட்டி "விடியுமட்டும் எரியட்டும்" எண்டு விடுற பழைய பழக்கத்தாலைதான் கண்ணாடி கறுக்கிறதும் புகைபோக்கியிலை தார் பிடிக்கிறதும்.

மேப்பிள்காடு
நீங்க ரெண்டு பேரும் விறகு. பெல்லட்ல (மரத்தூளை அழுத்திச் செஞ்ச சின்னக் குச்சி) புகையை வெளிய தள்றதே ஃபேன்தான், அதனால சிக்கலும் வேற.

ஒண்டாரியோ, உறைமழை, கரண்ட் கட். ஸ்டவ் ஃபுல் ஹீட்ல ஓடிட்டு இருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனும் ஆகரும் (பெல்லட்டை உள்ள தள்ற திருகு) ஒரே நேரத்துல நின்னுடும், ஆனா பர்ன் பாட்ல (பெல்லட் எரியுற கிண்ணம்) கிடக்குற கைப்பிடி பெல்லட் அணையாது, புகைஞ்சுகிட்டே இருக்கும். பாத்தா, மேல ஹாப்பர் மூடி ஓரத்துல சாம்பல் நிறத்துல ஒரு கோடு மாதிரி புகை எழும்புது. பெல்லட் கொட்டுற பெட்டியில நெருப்பான்னு வயித்தைக் கலக்கும்.

காரணம் வென்ட் பைப். சுவரைத் துளைச்சு நேரா வெளிய நீட்டிவிட்டது. ஃபேன் நின்னா அதுல இழுவையே கிடையாது. சுவருக்கு உள்பக்கமோ வெளிப்பக்கமோ மூணுலேர்ந்து அஞ்சு அடி செங்குத்தா ஏத்தி, அப்புறம் தொப்பி போட்டா, கரண்ட் போனாலும் மீதிப் புகை தானா மேல போகும். செலவு மிச்சம்னு இன்ஸ்டாலர் நேரா விடச் சொன்னா ஒத்துக்காதீங்க. ஹாப்பர் மூடி கேஸ்கெட்டையும் வருஷா வருஷம் பாருங்க.

யூபிஎஸ் வைக்கிறவங்க ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை) மட்டும். மலிவு இன்வர்ட்டர்ல மோட்டார் உறுமும், சில போர்டு எர்ரர் அடிச்சு நின்னுடும். பத்தவைக்கிற இக்னைட்டர் தனியா 300 வாட் கிட்ட தின்னும், ஓட ஆரம்பிச்சதும் மொத்தமே 100 வாட் சுமார். 12 வோல்ட் 100 ஆம்பியர் லெட் ஆசிட் பேட்டரியில பாதிதான் உருப்படியா எடுக்கலாம், அஞ்சாறு மணி நேரம். ராத்திரி முழுக்க ஓட்டணும்னு கணக்கு போட வேணாம். ஒழுங்கா அணைச்சு புகையைத் தள்ளி முடிக்க 20 நிமிஷம் கிடைச்சாப் போதும்.

ஓக்கட்டை
எல்லாருக்கும் வணக்கம். புகை திரும்புவதைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், விறகின் ஈரம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிர்ச்விறகு சொன்ன தார் காற்றை மூடுவதால் மட்டும் வருவதில்லை.

மீட்டரை விறகின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்துவிட்டு "14 சதவீதம், அருமை" என்கிறார்கள். அது தோல் காய்ந்த கணக்கு. கட்டையைப் பிளக்க வேண்டும், பிளந்த புது முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையிலேயே ஊசியை அழுத்த வேண்டும். அடுக்கின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. உறைந்த கட்டையில் மீட்டர் தப்பாகக் காட்டும், முதல் நாளே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு அளக்கவும். இன்னொன்று, ஜெர்மன் சட்டத்தில் உள்ள 25 சதவீதம் காய்ந்த மரத்தின் எடையை வைத்துச் சொல்வது. அதே கட்டையை மொத்த எடையை வைத்துப் பார்த்தால் 20 சதவீதம் தண்ணீர். இரண்டையும் குழப்பிக்கொண்டு விற்பவரோடு சண்டை போடுபவர்கள் நிறைய.

ஸ்புரூஸ், பிர்ச் ஒரு கோடையில் காய்ந்துவிடும். ஓக் இரண்டு வருடம், தடித்த கட்டையானால் மூன்று. அடுக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கவாட்டில் தார்ப்பாய் சுற்றினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். வட அமெரிக்காவில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: முழு கார்டு என்றால் 128 கன அடி. 16 அங்குலக் கட்டையை ஒரே வரிசையாக நான்கு அடி உயரம் எட்டு அடி நீளம் அடுக்கிக் கொடுப்பது ஃபேஸ் கார்டு, அது மூன்றில் ஒரு பங்குதான். முழு கார்டின் விலையைக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கி வருகிறார்கள்.

ரூர்க்கரை
ஓக்கட்டை ஐயா, தணலிலை ஈரம் எங்காலை? மொனொக்சைட் கதைக்கு விறகின்ரை ஈரம் காரணமே இல்லை, நல்லாக் காஞ்ச பூக்கேயிலும் (பீச் மரம்) அதே 71 வரும்.

பிர்ச்விறகு தம்பிக்கு: ஜன்னலைத் திறக்கிறது சரி, ஆனா ஒவ்வொரு முறையும் ஆர் ஞாபகம் வைக்கிறது? அதுக்குத்தான் இங்கை ஷோர்ன்ஸ்டைன்ஃபேகர் (புகைபோக்கியைச் சோதிக்கிற ஆள்) ஜன்னல் சுவிச் கேக்கிறார். ஜன்னல் சரிச்சுத் திறந்திருந்தாத்தான் ஹூட்டுக்குக் கறண்ட் போகும். மற்ற வழி, காத்தை வெளியிலை தள்ளாமல் கரி ஃபில்டராலை சுத்திவிடுற ஹூட். எங்கடை பொரியலுக்கும் தாளிப்புக்கும் அந்தக் கரி கெதியா எண்ணெய் பிடிச்சு மணக்கும், பெட்டியிலை எழுதியிருக்கிற காலத்தை நம்பவேண்டாம். வெளிக்காத்துக் குழாய் பூட்டின ஸ்டோவ் எல்லாம் பாதுகாப்பு எண்டும் இல்லை. கதவு தானாப் பூட்டுற, அறைக்காத்தை எடுக்காதது எண்டு தனி அனுமதி உள்ள மொடலா எண்டு கேட்டு வாங்குங்கோ.

பனிவீடு
வெர்மான்ட்ல பாத்தது, சின்ன விஷயம்தான். சாம்பல் ஆறிடுச்சுன்னு சாதாரண வேக்யூம் க்ளீனரால உறிஞ்சி, மெஷினை அலமாரிக்குள்ள வெச்சு மூடியாச்சு. கொஞ்ச நேரத்துல அலமாரி இடுக்குல புகை. உள்ள பை எரிஞ்சுகிட்டு இருக்கு. சாம்பலுக்கு அடியில கங்கு ரெண்டு மூணு நாள்கூட உயிரோட இருக்கும், அதுக்கு வேக்யூம் காத்து ஊதிவிட்ட மாதிரி. மூடி உள்ள இரும்பு வாளி, அதையும் மர டெக்ல வைக்காம கல்லு மேல.

மேப்பிள்காடு
அதே போல பெல்லட்லயும் சாம்பல்தான் வில்லன். தீ சோம்பலா, ஆரஞ்சா, நுனியில கரியோட ஆடுதுன்னா பர்ன் பாட்டைத் தூக்கிப் பாருங்க. கண்ணாடி மாதிரி உருகி இறுகின கட்டி, கிளிங்கர், காத்து ஓட்டையை அடைச்சிருக்கும். மரப்பட்டையும் மண்ணும் கலந்த பெல்லட்ல அது சீக்கிரம் வரும். ஆறினப்புறம் சுரண்டி, ஒவ்வொரு ஓட்டையையும் கம்பியால குத்தி விடுங்க. ஐரோப்பால இருக்கறவங்களுக்கு ஈஎன்பிளஸ் ஏ1 முத்திரை போதும், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள்ள, ஈரம் 10க்குள்ள. இங்க முத்திரையை விட கண்ணை நம்புங்க: ஒரு டம்ளர் தண்ணியில போட்டா நல்ல பெல்லட் மூழ்கும்.

திடீர்னு ஆகர் நின்னு வேக்யூம் எர்ரர் வந்தா உடனே வேக்யூம் ஸ்விட்ச்சை (ஃபேன் இழுவை இருக்கான்னு பாக்குறது) மாத்தாதீங்க. பெரும்பாலும் ஸ்விட்ச்சுக்குப் போற சின்ன ரப்பர் ட்யூப்ல சாம்பல். ட்யூபை ஸ்விட்ச் பக்கம் கழட்டிட்டு அப்புறம் ஊதுங்க, மாட்டி இருக்கும்போதே ஊதினா உள்ள இருக்குற மெல்லிய தகடு கிழிஞ்சிடும்.

பிர்ச்விறகு
ரூர்க்கரை அண்ணை, சுவிச் பூட்டினாலும் ஸ்டோவ் கதவு ஓரத்திலை காத்தை அடைக்கிற கயிறு தேய்ஞ்சிருந்தா ஓட்டை ஓட்டைதான். ஸ்டோவ் ஆறினாப் பிறகு கதவிலை ஒரு பேப்பர்த் துண்டை வச்சுப் பூட்டி இழுத்துப் பாருங்கோ, நாலு பக்கமும். சும்மா உருவிக்கொண்டு வந்தா அந்த இடத்திலை கயிறு செத்துப்போச்சு. புதுக் கயிறு வாங்கேக்கை பழசின்ரை தடிப்பை நம்பாதேங்கோ, அது நசிஞ்சு 8 மில்லிமீற்றர் போலை தெரியும். ஸ்டோவின்ரை கையேட்டிலை 10 எண்டு கிடக்கும்.