கெய்ரோவில் முதல் நாள்: மனதை விட்டுப் போகாதது எது?

வைகைக்கரை:

பிரமிடைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணில் பட்ட ஒன்றைத்தான் எழுத வந்தேன்.

விமான நிலையத்திலிருந்து, பிரமிடுகள் இருக்கிற கீசாவுக்கு ரிங் ரோடு வழியாகப் போனோம். நல்ல மதிய வெயில். கோடு போட்ட சாலைதான், ஆனால் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. லாரி, மைக்ரோபஸ், ஒரு கழுதை வண்டி, எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. ஹாரன் நிற்கவே இல்லை. இரண்டு பக்கமும் பூசாத செங்கல் கட்டடங்கள், மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சாலையை அகலப்படுத்துவதற்காகச் சிலவற்றைப் பாதியோடு இடித்து விட்டிருந்தார்கள். இடித்த பக்கத்தில் வீடுகளின் உள்சுவர்கள் அப்படியே வெளியே தெரிந்தன. ஒரு மாடியில் ரோஸ், அதற்கு மேலே பச்சை, அதற்கும் மேலே நீலம். ரோஸ் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் முதன்முதலாகப் பிரமிடைப் பார்த்தேன்.

பையன் "அம்மா, அங்க!" என்று கத்துகிறான். எனக்குக் கண்ணாடியை விட்டுப் பார்வை நகரவில்லை. எந்தப் பெண் அதன் முன்னால் நின்று பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாளோ. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஓட்டுநரைக் கேட்டேன். "புது நகரம்" என்று கிழக்கே கையைக் காட்டினார், அவ்வளவுதான். மறுநாள் இருப்பதிலேயே பெரியதான குஃபு பிரமிடின் அடியில் நின்றபோதும் அந்த ரோஸ் சுவர்தான் நினைவில் இருந்தது.

உங்களுக்கு எது இப்படி ஒட்டிக்கொண்டது?


கப்பல்காரர்:

நான் போனது 1990களில். சூயஸில் கப்பல் நின்றிருந்தபோது ஏஜென்ட் ஒரு வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தார், ஒரு பகல் மட்டும். பிரமிடுக்குப் போகிற வழியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலையாக நிறுத்தினார்கள். ராம்சேஸ் சதுக்கம்.

சதுக்கத்தின் நடுவில் இரண்டாம் ராம்சேஸின் சிலை. ஒரே கல்லில் 11 மீட்டர் உயரம், 80 டன்னுக்கு மேல் எடை. 3,200 வருடத்துக் கல். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பஸ்கள். மேம்பாலத்தில் வண்டிகள் இரைந்துகொண்டு போகின்றன. டீசல் புகையில் ராஜாவின் முகமே மங்கிப்போயிருந்தது. பழைய தலைநகரான மெம்பிஸின் இடிபாட்டில் கிடந்தவரை 1955ல் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசை. சாலையைத் தாண்ட முடியவில்லை. வண்டிகளுக்கு இடைவெளியே கிடையாது, சிக்னல் எரிகிறது, யாரும் நிற்பதில்லை. தயங்கி நின்றபோது நீள அங்கி போட்ட ஒரு பெரியவர் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார், நடந்தார். ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஒரே வேகம். வண்டிகள் எங்கள் இரண்டு பக்கமும் வளைந்து போயின. அக்கரையில் கையை விட்டுவிட்டு அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அதாவது அவருக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. எனக்காக மட்டும் அந்த வெள்ளத்தில் இறங்கியிருக்கிறார். பணம் எடுத்து நீட்டக்கூட நேரம் தரவில்லை. நன்றியும் சொல்லவில்லை நான், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனிமேல் போகிறவர்களுக்கு: அங்கே சாலை தாண்டும்போது வேகத்தை மாற்றக் கூடாது. பாதியில் பின்வாங்கினால்தான் ஆபத்து. வண்டி ஓட்டுபவர் உங்கள் நடையைக் கணக்குப் போட்டுத்தான் ஒதுங்குகிறார். உள்ளூர்க்காரர் யாராவது தாண்டும்போது அவருக்கு அப்பால், வண்டி வராத பக்கமாக ஒட்டி நடங்கள். குழந்தைகளோடு போனால் மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கி அடுத்த பக்கம் ஏறிவிடுங்கள். தஹ்ரீர் சதுக்கத்தில் அதுதான் சுலபம்.


ஈரோடு மஞ்சள்:

வைகைக்கரை அக்கா, நீங்கள் சுவரைப் பார்த்திருக்கிறீர்கள், கப்பல்காரர் ஐயாவுக்கு நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார். எனக்குக் கிடைத்தது வேறு.

வாசலுக்கு அரை கிலோமீட்டர் முன்பே ஒருவர் டாக்ஸியை மறித்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் ஏதோ அட்டை. "அரசாங்க ஆள். இந்த வாசல் இன்று மூடியிருக்கிறது, குதிரையில்தான் போக முடியும்." ஓட்டுநர் வாயைத் திறக்கவில்லை. லாயத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நாங்கள் ஏறவில்லை, நடந்தே போனோம். வாசல் திறந்துதான் இருந்தது.

அது போகட்டும். சிங்க உடலும் மனித முகமுமான ஸ்பிங்க்ஸ் சிலைப் பக்கத்து வாசலிலிருந்து மேலே ஏறுகிற தார்ச்சாலை நல்ல சரிவு. ஒரு சாரட்டில் நான்கு பேர், எல்லாரும் பெரிய ஆட்கள். இழுத்த குதிரைக்கு விலா எலும்பை எண்ணலாம். பாதிச் சரிவில் குளம்பு வழுக்கி முன்னங்கால் மடிந்து விழுந்தது. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். வண்டியில் இருந்தவர்கள் இறங்கவே இல்லை, ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். குதிரைக்காரப் பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது. சட்டையைக் கழற்றி அதன் முழங்காலைத் துடைத்தான். அப்புறம் அதே கையால் கடிவாளத்தைப் பிடித்து இழுத்து எழுப்பினான். பையன் அழுதுகொண்டிருந்தான்.

மூன்று பிரமிடும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்த ஊருக்கு இனி போகிற எண்ணமில்லை.


ஷார்ஜா வாசி:

ஈரோடு மஞ்சள், நீங்கள் பார்த்தது உண்மை, ஆனால் அதை வைத்து ஊரையே தள்ளுவது நியாயமில்லை. ஸ்பிங்க்ஸுக்கு நேர் எதிரே இருக்கிற நஸ்லத் அல்-சம்மான் தலைமுறை தலைமுறையாகக் குதிரையும் ஒட்டகமும் வைத்துப் பிழைக்கிற ஊர். 2011 பிப்ரவரி 2ஆம் தேதி அதிபர் முபாரக்கை எதிர்த்துத் தஹ்ரீரில் கூடியிருந்த மக்கள் மேல் குதிரையிலும் ஒட்டகத்திலும் ஆட்கள் பாய்ந்தார்களே, அவர்களில் பலர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். அதோடு அவர்கள் மேல் நகரத்துக்கே வெறுப்பு. புரட்சிக்குப் பிறகு வெளிநாட்டார் வருவதும் நின்றது. தீவனம் வாங்க வழியில்லாமல் பிரமிடுக்குப் பின்னால் குதிரைகள் செத்துக் கிடந்தன. கொஞ்சம் தலைதூக்கும்போது கொரோனா. அந்தப் பையன் அழுதான் என்கிறீர்கள். அவன் வீட்டில் இருப்பது அந்த ஒரு குதிரையாக இருக்கும்.

என் அனுபவம் சின்னது. டாக்ஸி ஓட்டுநர் நான் இந்தியன் என்று தெரிந்ததும் "அமிதாப் பச்சன்!" என்று ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கிவிட்டார். என் தோளைத் தட்டியபடியே அந்த நெரிசலில் ஓட்டினார். அந்த நிமிடம் என் உயிர் என் கையில் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கீசா என்பது நைலுக்கு மேற்குக் கரை, நிர்வாகத்தில் தனி மாகாணம். மெட்ரோ இரண்டாம் பாதையில் கீசா என்று ஒரு நிலையம் இருக்கிறது, பெயரைப் பார்த்து இறங்கிப் பிரமிடைத் தேடாதீர்கள். அங்கிருந்து இன்னும் 8 கிலோமீட்டர், பிரமிடுக்குப் போகிற ஹரம் சாலை முழுக்க நெரிசல். மெட்ரோவில் நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. டாக்ஸியை ஆப் மூலம் பிடியுங்கள், வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்த வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். டிக்கெட்டை அரசுத் தளத்தில் முன்பே எடுத்துவிட்டால் "மூடியிருக்கிறது" என்கிற பேச்சுக்கு இடமே இல்லை. காலையில் திறந்தவுடனே போங்கள். வெள்ளிக்கிழமை உள்ளூர் விடுமுறை, மதியத்துக்கு மேல் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அதே வெள்ளிக்கிழமை காலை தொழுகைக்கு முன்னால் நகரச் சாலைகள் காலியாக இருக்கும், பழைய கெய்ரோவை அப்போது நடந்து பாருங்கள்.

கீசாவோடு முடித்துக்கொள்ளாதீர்கள். தெற்கே சக்காராவில் ஜோசரின் படிப் பிரமிடு, கல்லில் எழுந்த முதல் பிரமிடு அதுதான். இன்னும் தெற்கே தஹ்ஷூரில் குஃபுவின் அப்பா ஸ்னெஃப்ரு கட்டிய இரண்டு. ஒன்று பாதி உயரத்தில் சரிவை 54 பாகையிலிருந்து 43 பாகைக்குக் குறைத்ததால் வளைந்து நிற்கிறது. பக்கத்தில் சிவப்புப் பிரமிடு, உள்ளே இறங்கலாம். அங்கே தொந்தரவு செய்ய ஆள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

கப்பல்காரர் அண்ணா, உங்கள் ராம்சேஸ் இப்போது புகையில் இல்லை. 2006ல் நின்ற நிலையிலேயே லாரியில் ஏற்றி நகரத்தைத் தாண்டிக் கொண்டுபோனார்கள், தெருவெல்லாம் ஜனம். புதிய பெரிய மியூசியத்தின் முன்கூடத்தில் நிற்கிறார். 2025 நவம்பர் 1 அன்று முறையாகத் திறந்தார்கள். பழைய ராஜா துட்டன்காமனின் கல்லறையில் எடுத்த 5,000க்கும் மேற்பட்ட பொருள்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.


கோவில்பட்டி:

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். குஷரி என்று ஒன்று, சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிக் குழம்பும் மொறுமொறு வெங்காயமும். மேசையிலேயே பூண்டு வினிகரும் காரச் சாறும் இருக்கும்.

எனக்கு நிற்பது ரொட்டிக்காரர்தான். தலையில் ஆள் நீளத்துக்கு ஒரு மரத்தட்டி, அதில் இரண்டடுக்காக ஊதிய ரொட்டிகள். ஒரு கையால் தட்டியைப் பிடித்தபடி இன்னொரு கையால் சைக்கிள் ஓட்டுகிறார், அதுவும் அந்தப் போக்குவரத்துக்கு எதிர்ப்பக்கமாக. நம்மூர் பஜாஜ் ஆட்டோ ஒன்று சந்திலிருந்து பாய்ந்தது. அவர் இடுப்பை மட்டும் ஒடித்தார், தட்டி அசையவில்லை. கரகம் ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது, நானே மூச்சை நிறுத்திவிட்டேன்.


மலைக்கோட்டை:

வைகைக்கரை சொல்வதில் ஒன்றை மறுக்கிறேன். நகரம் என்னவோ நேற்று வந்து பிரமிடை நெருக்குகிறது என்கிற மாதிரி இருக்கிறது. குஃபு பிரமிடு முதலில் வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லால் போர்த்தியிருந்தது, நைலுக்கு அக்கரையில் துராவில் வெட்டிய கல். அந்தப் போர்வையை இடைக்காலத்தில் உரித்துக் கொண்டுபோய்க் கெய்ரோவில் கட்டடம் கட்டினார்கள். 146 மீட்டராக இருந்தது இன்று 138 சொச்சம். காஃப்ரே பிரமிடின் உச்சியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆக, கெய்ரோவின் பழைய சுவர்களுக்குள்ளேயே பிரமிடு இருக்கிறது. செங்கல் வீடுகள் நிற்கிற இடமும் வயல்தான். அஸ்வான் பெரிய அணை 1960களில் நீரைத் தேக்கத் தொடங்குகிற வரை வருடா வருடம் நைல் வெள்ளம் ஏறிய நிலம். வெள்ளம் நின்றது, நகரத்தில் இடம் இல்லாத ஏழைகள் வயலில் வீடு கட்டினார்கள். வேறெங்கே போவார்கள்?

நான் உள்ளே போனேன். குனிந்து ஏறுகிற குறுகல் பாதை, அப்புறம் திடீரென்று எட்டரை மீட்டர் உயரத்துக்கு விரிகிற பெரிய மாடம். ஒரே புழுக்கம். மேலே ராஜாவின் அறையில் கிரானைட் பெட்டி ஒன்றுதான், மூடிகூட இல்லை. அஸ்வானிலிருந்து ஆற்றில் வந்த கல். ஓர் எகிப்தியப் பாட்டி பேரனின் தோளைப் பிடித்தபடி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. உள்ளங்கையைச் சுவரில் வைத்து அவனிடம் ஏதோ சொன்னார், அவனும் கையை வைத்தான். இவ்வளவு காலம் பக்கத்திலேயே இருந்தும் அன்றுதான் முதல்முறை வருகிறாராம், பேரன் சொன்னான்.


வைகைக்கரை:

மலைக்கோட்டை, நான் நெருக்குகிறது என்று எழுதவே இல்லையே. அவர்கள் வேறெங்கே போவார்கள் என்று நீங்கள் கேட்டதைத்தான் நானும் கேட்டேன். வயலில் கட்டினார்கள், சரி. அங்கிருந்தும் எழுப்பிவிட்டால்?


ஈரோடு மஞ்சள்:

ஷார்ஜா வாசி, தஹ்ஷூர், மெட்ரோ எல்லாம் நான் கேட்கவில்லை. பையன் மேல் எனக்குக் கோபமும் இல்லை, நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். சமீபத்தில் போனவர்கள் யாராவது ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தச் சரிவில் இன்னும் சாரட் ஓடுகிறதா?


தென்பெண்ணை:

நான் புதிய மியூசியம் திறந்த பிறகு போனேன். 2025 ஏப்ரலிலிருந்து ஃபயூம் சாலைப் பக்கத்து வாசலை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், உள்ளே மின்சார பஸ். நானும் அந்த வழியாகவே போனேன், ஸ்பிங்க்ஸ் வரை பஸ்தான். நீங்கள் சொல்கிற சரிவில் நான் இருந்தபோது சாரட் எதையும் பார்க்கவில்லை.

குதிரை, ஒட்டகக்காரர்களுக்குத் தனி இடம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள், வாடிக்கை வராது என்று அவர்கள் எதிர்த்திருக்கிறார்கள். மூன்று பிரமிடும் தெரிகிற மணல்மேட்டில் நிறையக் குதிரைகளைப் பார்த்தேன். சில நன்றாக இருந்தன. சில நீங்கள் சொன்ன மாதிரிதான். தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது, அதில் தண்ணீர் இருந்தது.